தொற்றுநோய்க் காலத்தில் வாக்களிப்பு நிலையம்: அலுவலர் பயிற்சி பற்றிய சில குறிப்புகள்

தேர்தல் என்பது மக்கள் ஓரிடத்திற் கூடுதலை அடிப்படையாகக் கொண்ட நிகழ்ச்சி. தொற்றுநோய்த் தடுப்போ மக்கள் ஓரிடத்திற் கூடாதிருத்தலை அடிப்படையாகக் கொண்ட முறை. இவ்விரண்டும் ஒரே நாளில், ஒரே மண்டபத்தில் நடைபெறவேண்டிய நிலை 2020 ஆம் ஆண்டிற் பல நாடுகளுக்கு ஏற்பட்டது. அந்நிலையை எதிர்கொண்டவர்கள் சட்டவல்லுநரோ மருத்துவரோ அல்லர். ஒரு நாட் கடமைக்காக அழைக்கப்பட்ட ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் கிராமிய உத்தியோகத்தர்களுமே. அவர்களுக்கு எத்தகைய பயிற்சி வேண்டப்பட்டது, எத்தகைய பயிற்சி இனிமேல் வேண்டற்பாலது என்பதை, இலங்கையின் அனுபவத்தை முதன்மையாகக் கொண்டு, இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

2020 மார்ச் 2 ஆந் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது தேர்தல் நாள் ஏப்பிரல் 25 எனக் குறிக்கப்பட்டிருந்தது. நோய் பரவத் தொடங்கியதும் அந்நாள் யூன் 20 இற்கும், பின்னர் ஓகஸ்ட் 5 இற்கும் ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைப்புத் தொடர்பான மனுக்களை உயர் நீதிமன்றம் யூன் 2 ஆந் திகதி தள்ளுபடி செய்தது. ஐந்து நாட்களின் பின், யூன் 7 இல், அம்பலாங்கொடையில் ஏறத்தாழ 200 வாக்காளரைக் கொண்டு ஓர் ஒத்திகை வாக்களிப்பு நடத்தப்பட்டது. தொடர்ந்து பிற மாவட்டங்களிலும் இத்தகைய ஒத்திகைகள் நடைபெற்றன. எமது நோக்கில், அவ்வாண்டு மேற்கொள்ளப்பட்ட ஆயத்தங்கள் யாவற்றுள்ளும் பயன்மிக்கது இதுவே. சுற்றறிக்கைகள் செய்யவேண்டியவற்றைக் கூறும். அவற்றைச் செய்வதற்கு எவ்வளவு நேரம் செல்லும் என்பதைக் கூறமாட்டா.

நேரத்தின் முக்கியத்துவத்தை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். அத்தேர்தலில் பதிவுசெய்யப்பட்ட வாக்காளர் 16,263,885 பேர். வாக்களிப்பு நிலையங்கள் 12,985. எனவே சராசரியாக ஒரு நிலையத்திற்கு 1,250 பேர் வரையில் உரியவராவர். நூற்றுக்கு 75.89 வீதமானோர் வாக்களித்தனர். அதாவது ஒரு நிலையத்தில் ஏறத்தாழ 950 பேர். (அஞ்சல்மூலம் வாக்களித்தோரைக் கழிப்பின் இத்தொகை சற்றுக் குறையும்.) 2015 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிற் போன்று காலை 7 மணி தொடக்கம் மாலை 4 மணி வரை மட்டுமே வாக்களிப்பு நிகழ்ந்திருப்பின் ஒருவருக்குக் கிடைப்பது 34 செக்கன். மாலை 5 மணி வரை நீடிக்கப்பட்டமையால் அது 38 செக்கனாயிற்று. ஒரு முழு மணித்தியால நீடிப்பினாற் கிடைத்த பயன், வாக்காளர் ஒருவருக்கு நான்கு செக்கன் மட்டுமே! கை கழுவுதல், முகக்கவசத்தைத் தாழ்த்திக் காட்டுதல், ஒரு மீற்றர் இடைவெளி விட்டு நகர்தல் ஆகிய யாவும் அந்த நான்கு செக்கனுள் அடங்கா என்பது வெளிப்படை. ஆகவே அவற்றுட் பெரும்பாலானவற்றை மேசைகளுக்கு முன்னரேயே, வரிசையில் நிற்கும்போதே, முடித்துவிடுதல் வேண்டும். பயிற்சியின் முதற்பாடம் இதுவாக இருத்தல் தகும்: வாசலில் நிற்கும் உதவியாளரே அன்றைய தினம் நிலையத்தின் வேகத்தைத் தீர்மானிப்பவர். வழக்கமாக அவ்விடத்திற்குப் பயிற்சியற்ற ஒருவரையே நியமிப்பர்.

இனி, மேசைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். 1981 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தின்படி வாக்காளரின் இடாப்பு இலக்கமும் பெயரும் உரத்துக் கூறப்படல் வேண்டும். இது வெறுஞ் சடங்கன்று. அங்கிருக்கும் வாக்களிப்பு முகவர்கள் தத்தம் இடாப்புப் பிரதிகளில் அடையாளமிட்டு ஆள்மாறாட்டத்தைக் கண்டுகொள்வதற்கு அக்குரலே துணை. ஆயின் தொற்றுநோய்க் காலத்தில் நாள் முழுவதும் உரத்துப் பேசும் ஒருவரே அம்மண்டபத்தில் மிகுதியான சுவாசத் துளிகளை வெளியிடுபவராகின்றார். அவருக்கு முன்னால் ஒளிபுகு திரையொன்றை வைப்பின் ஒலி மங்குகிறது. முகக்கவசம் அணிவிப்பின் மேலும் மங்குகிறது. முகவர்கள் கேட்கவில்லையென்று எழுந்து மேசையருகே வருவர், இடைவெளி குலையும். சுகாதாரத்தின் பொருட்டுச் செய்த ஏற்பாடு சுகாதாரத்திற்கே கேடாகும் விந்தை இது. இதற்குத் தீர்வு கடினமானதன்று. முகவர்களின் ஆசனங்களைச் சுவரோரம் அரைவட்டமாக அமைத்து, இலக்கத்தை முதலிலும் பெயரைப் பின்னரும், ஒவ்வோர் இலக்கமாகப் பிரித்துக் கூறப் பழக்கினால் குரலை மிக உயர்த்த வேண்டியதில்லை. அதனை வாய்மொழியாக அறிவுறுத்துதல் போதாது. பயிற்சி வகுப்பிலேயே முகக்கவசம் அணிந்தபடி ஐம்பது பெயர்களையேனும் வாசிக்கச் செய்து, மண்டபத்தின் மறுகோடியில் இருப்பவர் எத்தனையைச் சரியாகக் குறித்தார் என்று பார்த்தல் வேண்டும். ஒரே எழுத்திற் தொடங்கும் பெயர்கள் அடுத்தடுத்து வரும் எமது கிராமத்து இடாப்புகளில் இப்பரிசோதனை வேடிக்கையாகவும் படிப்பினையாகவும் அமையும்.

முகக்கவசத்தைத் தாழ்த்தி முகங் காட்டுமாறு கேட்பது அடுத்த சிக்கல். அடையாள அட்டையிலுள்ள படத்தை முகத்தோடு ஒப்பிடாது விட்டால் தேர்தலின் நேர்மை பாதிக்கப்படும். ஒவ்வொருவரும் மேசைக்கு எதிரில் முகக்கவசத்தைக் கழற்றினால் அலுவலரின் உடல்நலம் பாதிக்கப்படும். வாக்காளரை ஒரு மீற்றருக்கு அப்பால் நிறுத்தி, பேசாது ஒரு கணம் தாழ்த்தி மீண்டும் அணியச் சொல்வதே ஏற்ற முறை. பேசாது என்பதே இதில் முக்கியம். முகக்கவசத்தைத் தாழ்த்தியவுடன் வணக்கஞ் சொல்லவும் சுகம் விசாரிக்கவும் தலைப்படுவது எம்மவர் இயல்பு. முகத்திரை அணியும் பெண்களைப் பெண் அலுவலர் ஒருவர் மறைவான இடத்தில் அடையாளங் காணுதல் வேண்டும்.

பேனாவும் மையும் பற்றி 2020 இல் அதிகம் பேசப்பட்டது. வாக்காளர் தத்தம் நீல அல்லது கறுப்புப் பேனாவைக் கொண்டுவருமாறு கேட்கப்பட்டனர். விரலில் மை பூசுபவர் ஒவ்வொருவருடைய கையையும் பிடிக்காமற் பூசப் பழக வேண்டியிருந்தது. இவை நல்ல வழக்கங்களே. எனினும் அக்காலத்து அறிவுறுத்தல்களின் பாரம் பெரும்பாலும் கையின் மீதும் பொருள்களின் மேற்பரப்பின் மீதும் விழுந்தது என்பதை இன்று சுட்டிக்காட்டுதல் தகும். நோய்க்கிருமி காற்றின் வழியே, சிறப்பாகக் காற்றோட்டங் குன்றிய அறைகளிற் பரவும் என்பதை உலக சுகாதார தாபனம் 2021 இல் தன் விளக்கங்களிற் தெளிவாகச் சேர்த்துக்கொண்டது. மேற்பரப்பைத் தொடுவதனால் நோய் பரவும் வாய்ப்பு மிகக் குறைவென்பதும் அவ்வாண்டிலேயே அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையத்தினால் வலியுறுத்தப்பட்டது. எனவே இனி எழுதப்படும் பயிற்சிக் கைந்நூலில் மேசை துடைப்பதற்கு ஒரு பக்கமும் யன்னல் திறப்பதற்கு ஒரு வரியும் ஒதுக்கப்படுமாயின் அது பழைய பாடமேயாகும். பாடசாலை வகுப்பறைகளின் அரைச்சுவரும் திறந்த யன்னல்களும் இவ்வகையில் எமக்கு வாய்த்த பேறு எனலாம். வாக்கின் இரகசியத்தைக் காக்கும் பொருட்டு யன்னல்களை மூடித் தாளொட்டும் வழக்கம் சிலவிடங்களில் உண்டு. வாக்களிக்கும் தட்டியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தால் யன்னலை மூடவேண்டியதில்லை. இத்தகைய தளபாட ஒழுங்கினை ஒரு படத்தின் மூலம் காட்டுதல் பத்துப் பக்க அறிவுறுத்தலிலும் மேலானது.

இதுவரை கூறியவை வாக்காளருக்கும் அலுவலருக்கும் இடைப்பட்ட தொடர்பைப் பற்றியன. ஆயின் எண்ணிப் பார்க்குமிடத்து, அலுவலருக்குப் பேராபத்து வாக்காளரிடமிருந்து வருவதன்று; சக அலுவலரிடமிருந்தே வருவது. வாக்காளர் ஒருவர் மண்டபத்தினுள் நிற்பது சில நிமிடங்களே. அலுவலர் குழுவோ முதல்நாட் காலையில் விநியோக நிலையத்திற் கூடி, வாக்குப்பெட்டியையும் வாக்குச்சீட்டுகளையும் பொறுப்பேற்று, ஒரே பேருந்தில் நெருங்கி அமர்ந்து சென்று, அன்றிரவு வாக்களிப்பு நிலையத்திலேயே படுத்துறங்கி, ஒன்றாக உணவுண்டு, மறுநாள் மாலை பெட்டியுடன் திரும்பும் வரை பிரியாதிருக்கின்றது. நெடுந்தீவு போன்ற இடங்களுக்குச் செல்வோர்க்குப் படகுப் பயணமும் சேரும். முப்பது மணித்தியாலத்திற்கு மேற்பட்ட இந்தக் கூட்டு வாழ்க்கையில் முகக்கவசம் அணியப்படுவது வாக்களிப்பு நேரத்தில் மாத்திரமாயின் அதன் பயன் சிறிதே. பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் காலை 7 மணிக்குத் தொடங்கும் கடமையையே விளக்குவன. முதல்நாள் இரவைத் தொடுவதில்லை. பாய்களை எங்கு விரிப்பது, உணவை ஒருவர்பின் ஒருவராக வெளியில் அமர்ந்து உண்பது, இருமல் உள்ளவரை எவ்வாறு வேறாக்குவது என்பன சிறுவிடயங்களாகத் தோன்றலாம். நோய் பரவும் வாயில்கள் அவையே.

அதிகாரம் பற்றிய தெளிவின்மையும் 2020 இல் வெளிப்பட்டது. தேர்தல்கள் ஆணைக்குழுவின் சுகாதார வழிகாட்டல்களுக்குச் சட்ட வலுவளிக்கும் வர்த்தமானி அறிவித்தல், 1897 ஆம் ஆண்டின் தடுப்புக்காப்பு, நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ், யூலை நடுப்பகுதியிலேயே வெளிவந்தது. அதே நாட்களிற் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், தமக்குரிய சட்ட அதிகாரம் தெளிவாக்கப்படவில்லையெனக் கூறித் தொற்றுநோய்க் கடமைகளிலிருந்து விலகி நின்றனர். அம்மாதத்திலே கந்தக்காடு நிலையத்தோடு தொடர்புடைய நோய்ப்பரவல் காரணமாக இராஜாங்கனையில் அஞ்சல்மூல வாக்களிப்பு ஒத்திவைக்கப்பட்டது. இவ்வாறான வேளையில், முகக்கவசம் இன்றி வந்து நிற்கும் முதியவரை உள்ளே விடுவதா, திருப்பி அனுப்புவதா என்ற வினாவுக்கு விடைகூற வேண்டியவர் தலைமைதாங்கும் அலுவலரே. வாக்குரிமை ஒருவரது அடிப்படை உரிமைகளோடு நெருங்கிய தொடர்புடையது. பத்து ரூபா பெறுமதியான துணித்துண்டு இல்லாமையால் அது மறுக்கப்படுதல் கூடாது. ஆதலின் வாசலில் ஒரு பெட்டி முகக்கவசம் இருத்தல் வேண்டும் என்பதும், தர்க்கம் புரிவதற்கு முன் அதிலொன்றை எடுத்துக் கொடுத்தல் வேண்டும் என்பதும் பயிற்சியில் நடித்துக் காட்டப்படல் நன்று. காய்ச்சல் உடையவருக்கு வேறொரு மேசையும் வேறொரு வாசலும் வேண்டும். தென் கொரியா 2020 ஏப்பிரல் 15 ஆந் திகதித் தேர்தலில் இதனைச் செவ்வனே செய்தது. உடல்வெப்பம் 37.5 பாகைக்கு மேற்பட்டோர் தனித் தட்டியில் வாக்களித்தனர். வீடுகளிற் தனிமைப்படுத்தப்பட்டோர் மாலை 6 மணியின் பின், ஏனையோர் சென்றபிறகு, வாக்களிக்க அனுமதிக்கப்பட்டனர். அங்கு 66.2 வீதமானோர் வாக்களித்தனர்.

இதற்கு மாறான காட்சி அதே மாதம் 7 ஆந் திகதி அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திற் காணப்பட்டது. மில்வோக்கி நகரில் வழக்கமாக 180 நிலையங்கள் வரையில் இயங்குவதுண்டு. அன்று இயங்கியவை ஐந்து மட்டுமே. மக்கள் நீண்ட நேரம் வரிசையில் நின்றனர். கட்டடங்களின் பற்றாக்குறையன்று, கடமையாற்ற அலுவலர் இன்மையே காரணம். அந்நாட்டிற் தேர்தற் கடமை புரிவோரிற் பெருந்தொகையினர் அறுபது வயதைக் கடந்தவர்கள்; நோயஞ்சி விலகினர். மாநிலத்தின் பிறவிடங்களில் தேசியக் காவற்படையினர் ஈராயிரத்துக்கு மேற்பட்டோர், சாதாரண உடையில், குறுகிய பயிற்சியோடு கடமைக்கு அழைக்கப்பட்டனர். இலங்கையிற் கடமை அரச ஊழியருக்குக் கட்டாயமாகையால் இத்தகைய விலகல் ஏற்படுவதரிது. ஆனால் கட்டாயம் என்பதனால் அரசின் பொறுப்பு கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. 2021 ஏப்பிரலில் உத்தரப் பிரதேசத்தில் நான்கு கட்டங்களாக நடந்த பஞ்சாயத்துத் தேர்தலின்போது நோயின் இரண்டாம் அலை உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கடமைக்குச் சென்ற ஆசிரியரும் பிற ஊழியருமாக 1,600 இற்கு மேற்பட்டோர் இறந்தனர் என ஆசிரியர் சங்கம் கூறியது. ஆசிரியர் மூவரே கடமையின்போது இறந்தனர் என்றது அரசின் முதல் அறிக்கை. கடமை நேரத்தில் இறந்தோர் என்ற பழைய விதியின் பொருளைப் பற்றிநின்றமையால் ஏற்பட்ட வேறுபாடு அது. நோய் உடலில் வெளிப்படச் சில நாட்கள் செல்லும் என்ற பாலர் பாடத்தை அவ்விதி அறியாது. பின்னர் கடமை நாளிலிருந்து 30 நாட்களுள் நிகழ்ந்த மரணங்களையும் உள்ளடக்குமாறு விதி திருத்தப்பட்டது. அவ்வாறு திருத்தியபின் இழப்பீட்டுக்கு உரியனவாகக் கொள்ளப்பட்ட குடும்பங்கள் ஈராயிரம் அளவிலாயின.

இலங்கைத் தேர்தல் இத்தகைய துயரின்றி முடிந்தமை ஏற்பாடுகளின் சிறப்பினால் மட்டும் விளைந்ததெனக் கூறுதல் பொருந்தாது. 2020 ஓகஸ்ட் 5 இல் நாட்டிற் பதிவான நோயாளர் தொகை 2,800 அளவினது. இறந்தோர் 11 பேர். சமூகத்தில் நோய் அருகியிருந்த வேளையிலேயே வாக்களிப்பு நிகழ்ந்தது. ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் மினுவாங்கொடையிலிருந்து பரவிய கொத்தணி இரண்டு மாதம் முந்தியிருப்பின் அதே ஏற்பாடுகள் எவ்வாறு தாக்குப்பிடித்திருக்கும் என்பது சிந்திக்கற்பாலது. வாக்கெண்ணலை அன்றிரவே தொடங்காது மறுநாட் காலையிற் தொடங்கியமை இவ்வகையில் அறிவுடைய முடிபு. களைத்த உடலோடு இரவு முழுவதும் மூடிய அறையில் நெருங்கியிருந்து எண்ணுதல், வாக்களிப்பிலும் ஆபத்தானது.

2024 செப்ரெம்பரிலும் நவம்பரிலும் நடைபெற்ற தேர்தல்களில் இவ்வேற்பாடுகள் தேவைப்படவில்லை. 2020 இற் கடமையாற்றியோர் ஓய்வுபெற்று வருகின்றனர். அவர்தம் அனுபவம் எழுத்தில் இல்லாவிடின் அடுத்த முறை மீண்டும் முதலெழுத்திலிருந்தே தொடங்க நேரிடும். ஒரு பயிற்சி வகுப்பினுள் முப்பது பேருக்கு மேற் சேர்த்தல் ஆகாது. அவ்வகுப்பு விரிவுரையாகவன்றி ஒத்திகையாக நடைபெறல் வேண்டும். உண்மையான அளவில் அச்சிடப்பட்ட மாதிரி வாக்குச்சீட்டு, மாதிரி இடாப்பு, நேரங்காட்டும் கடிகாரம் ஆகிய மூன்றும் அதற்குப் போதும். கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் பெருகிய மாவட்டங்களில் நீண்ட வாக்குச்சீட்டை மடிப்பதற்கே முதியோர்க்கு அரை நிமிடம் செல்கிறது. மேலும், ஒவ்வொருவரும் இரண்டு மேசைகளின் வேலையைப் பழகியிருத்தல் அவசியம். ஏனெனில் தொற்றுநோய்க் காலத்தில் விடியற்காலை 5 மணிக்குக் குழுவில் ஒருவர் காய்ச்சலென்று சொல்வார். அவரை அனுப்பிவிட்டு 7 மணிக்கு வாசலைத் திறந்தாக வேண்டும். நெடுந்தீவிலும் மணலாற்றுப் புறத்திலும் அந்நேரத்தில் மாற்று அலுவலரை அனுப்புதல் இயலாது. பதிலாள் குழுவினுள்ளேயே இருத்தல் வேண்டும். தலைமைதாங்கும் அலுவலருக்கும் அவ்வாறே.