புது கார்புரேட்டர் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க

இன்னைக்கு மைக்குக்குப் பக்கத்துல ஒரு விருந்தாளி: அப்பாவோட 1994 மாடல் புல்லட் 350-ல இருந்து கழட்டின கார்புரேட்டர். வண்டி தண்டையார்பேட்டையில நம்ம வீட்டு வாசல்லதான் நிக்குது. 1955-ல ஆரம்பிச்ச என்ஃபீல்டு இந்தியாவோட திருவொற்றியூர் ஃபேக்டரி இங்கிருந்து கூப்பிடு தூரம். அதனால புல்லட் நமக்கு ஏரியா பையன் மாதிரி.

பிரச்சினை இதுதான். ஓடும்போது வண்டி நல்லா இருக்கும், ஆக்ஸிலேட்டரை விட்டா ஆஃப் ஆயிடும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல முன்னாடி ஒரு கன்டெய்னர் லாரி, பின்னாடி ஒரு கன்டெய்னர் லாரி. நடுவுல ஆஃப் ஆனா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மெக்கானிக் அண்ணன், "கார்புரேட்டர் போச்சு தம்பி, புதுசு போட்டுடலாம்"னு சொல்லிட்டார். பழைய கோடைத் திறந்து பார்க்காமலே "ரீரைட் பண்ணிடலாம்"னு சொல்ற மீட்டிங்ல நான் நிறைய உட்கார்ந்திருக்கேன். அதனால முதல்ல திறந்து பார்ப்போம்னு முடிவு பண்ணேன்.

கார்புரேட்டர் வேலை செய்றது ரொம்ப சிம்பிள். காற்று ஒரு குறுகலான வழியில வேகமா போகும்போது அங்க அழுத்தம் குறையும், கீழே கிண்ணத்துல இருக்கிற பெட்ரோல் மேல ஏறும். 1 கிராம் பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேணும். இந்தக் கணக்கை மூணு பேர் பிரிச்சுப் பார்த்துக்கிறாங்க. ஐடில்ல பைலட் ஜெட், பாதி த்ராட்டில்ல ஸ்லைடோட ஊசி, முழு த்ராட்டில்ல மெயின் ஜெட். நம்ம வண்டி வேகத்துல ஓகே, ஐடில்ல மட்டும் சாகுது. அப்போ சந்தேகம் யார் மேல? பைலட் ஜெட் மேலதான். ஒரு ஸ்க்ரூகூட கழட்டாம பாதி டீபக்கிங் முடிஞ்சுது.

கழட்டும்போது கவனிக்க வேண்டியது சில விஷயம் இருக்கு. பெட்ரோல் ஆவி காற்றைவிட கனம், தரையோட தவழ்ந்து போகும். அதனால சாமி விளக்கு எரியற வீட்டுக்குள்ள இந்த வேலையே வேண்டாம், மொட்டை மாடிக்குப் போயிடுங்க. அதே மாதிரி, இந்த மிக்கார்ப் கார்புரேட்டரோட டிசைன் ஜப்பான் மிக்குனியோடது. அந்த மாதிரி ஸ்க்ரூல நம்ம சாதா ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிட்டுத் தலையைத் தின்னுடும். ஜப்பான் ஸ்டாண்டர்டு பிட் ஒண்ணு வாங்கி வெச்சுக்கிறது நல்லது. கழட்டறதுக்கு முன்னாடி ஏர் ஸ்க்ரூவை மெதுவா உள்ளே முடுக்கி, எத்தனை சுத்து போச்சுன்னு எழுதி வெச்சுக்கங்க.

கிண்ணத்தைத் திறந்தா அடியில வெள்ளையும் பச்சையுமா படிஞ்சிருந்துச்சு. வெள்ளை பாடியோட அரிப்பு, பச்சை பித்தளையோடது. இதுக்கு ஒரு பெரிய காரணம் இப்போ பங்க்ல கிடைக்கிற இ20 பெட்ரோல். அதுல 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊற வெச்சுக் கெடுக்கும். அதுவே கொஞ்சம் ஆக்ஸிஜனைச் சுமந்துக்கிட்டு வர்றதால, அந்தக் காலத்து ஜெட்டுக்குக் கலவை மெலிஞ்சும் போகும். இன்ஜெக்‌ஷன் வண்டியா இருந்தா சென்சார் பார்த்து ஓரளவு சரி பண்ணிக்கும். 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்ததும் புது புல்லட்டும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிடுச்சு. பழைய வண்டிக்கு அந்த மூளை கிடையாது, நாமதான் அந்த சென்சார்.

பைலட் ஜெட்டோட ஓட்டை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஊசி, கம்பி எதையும் உள்ளே விடாதீங்க. பித்தளை மிருது, ஓட்டை பெருசாயிட்டா கணக்கே மாறிடும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரேல ஊற வெச்சு, காற்று அடிச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. உருண்டையா ஒரு வெளிச்சப் புள்ளி தெரியணும். ஸ்ப்ரே அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கங்க, எதிர்ப்பக்க ஓட்டை வழியா நேரா கண்ணுக்கே வரும். மிதவையைக் காதுகிட்ட ஆட்டிப் பாருங்க. உள்ளே சலசலன்னா அதுல பெட்ரோல் புகுந்திருக்கு. அதோட ஊசி முனையில வளையம் மாதிரி தேய்மானம் இருந்தா அதையும் மாத்துங்க. கேஸ்கெட், ஓ-ரிங் எல்லாம் எத்தனால் தாங்குற புது கிட். மொத்தச் செலவு சில நூறு ரூபாய்.

அப்போ புதுசு எப்போதான் வாங்கணும்? ஸ்லைடை உள்ளே போட்டு பாதி உயரத்துல வெச்சு ஆட்டுங்க. ஆடுற பல்லு மாதிரி கடகடன்னா, ஸ்லைடும் பாடியும் தேய்ஞ்சு போச்சு. அந்த இடுக்கு வழியா காற்று புகுந்துக்கிட்டே இருக்கும், எந்த கிட்டாலயும் ஐடில் நிக்காது. அப்போ நானும் மெக்கானிக் அண்ணன் பக்கம்தான். ஆனா டூப்ளிகேட் வேண்டாம். ஜெட் மேல நம்பர் சரியா அடிச்சிருக்கும், ஓட்டை அந்த சைஸ்ல இருக்கும்னு நம்ப முடியாது.

நம்ம ஸ்லைடு ஆடல. மாட்டி, இன்ஜின் சூடானதும் ஏர் ஸ்க்ரூவை ஒன்றரை சுத்து வெளியே வெச்சு, அங்கிருந்து கால் கால் சுத்தா திருப்பினேன். இந்த வகையில உள்ளே முடுக்கினா பெட்ரோல் பங்கு கூடும், வெளியே எடுத்தா காற்று கூடும். ஐடில் எங்க அதிகமா ஏறுதோ அங்க நிறுத்தணும். எவ்வளவு திருப்பினாலும் சத்தம் மாறலன்னா பைலட் வழி இன்னும் அடைச்சிருக்குன்னு அர்த்தம், மறுபடி கழட்டுங்க. எனக்கு முதல் தடவையே மாறுச்சு. அப்பா உள்ளேயிருந்து வந்து ஐடில்ல காது கொடுத்துக் கேட்டுட்டு, "இன்னும் கொஞ்சம் இறக்கு"ன்னார். அவருக்கு அந்த டக்-டக் இடைவெளி விட்டு வரணும்.

வண்டியை ரெண்டு வாரத்துக்கு மேல நிறுத்தப் போறீங்கன்னா, பெட்ரோல் டேப்பை மூடிட்டு இன்ஜின் தானா நிக்கிற வரை ஓட விடுங்க, கிண்ணம் காலியாயிடும். கழுவின அழுக்கு பெட்ரோலைக் கால்வாயில ஊத்தாதீங்க. 2013-ல நம்ம தண்டையார்பேட்டையில பைப்லைன் கசிஞ்சு போர் தண்ணியில பெட்ரோல் வாசனை வந்தது இங்க இருக்கிறவங்க யாருக்கும் மறக்காது. ஒரு பழைய கேன்ல பிடிச்சு மூடி வெச்சு, பார்ட்ஸ் கழுவுறதுக்கு மெக்கானிக் கடையில கொடுத்துடுங்க, வாங்கிக்குவாங்க.