ரெயிலுக்கு அடியில் கிருமிப் பட்டாளம்!

ஒரு காலத்தில் ரெயில் கழிவறையின் கழிவு தண்டவாளத்திலேயே விழுந்தது. இரும்பு துருப்பிடித்தது. அங்கே குனிந்து வேலை செய்த தொழிலாளர் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது!

இப்போது பெட்டிக்கு அடியில் ஒரு தொட்டி தொங்குகிறது. 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்த ரெயில்வே தொழிற்சாலையிலும் பெட்டிகளுக்கு இதைப் பொருத்தினார்கள். தொட்டிக்குள் கோடானுகோடி கிருமிகள்! காற்றுப் புகாத இடத்தில்தான் இவற்றுக்கு வாழ்வு. மலத்தைத் தின்று எரிவாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடும். சாண எரிவாயுத் தொட்டியில் நடப்பதும் இதேதான். வாயு வெளியேறிவிடும், நீர், குளோரின் கலந்து வெளியே போகும்.

பனிமலையில் காவல் காக்கும் வீரர்களுக்காக, குவாலியர் ராணுவ ஆராய்ச்சிக்கூடம் தயாரித்த கிருமிகள் இவை. 2016-ல் மானாமதுரை-ராமேசுவரம் பாதையில் (114 கி.மீ.) ஓடிய எல்லா ரெயில்களுக்கும் இந்தத் தொட்டி வந்துவிட்டது. இந்தியாவிலேயே அதுதான் முதல் பாதை!

நம் உடம்புச் சூடு அளவுக்கு, சுமார் 37 டிகிரி இருந்தால் கிருமிகளுக்குச் சுறுசுறுப்பு. குளிர்ந்தால் சோம்பல். ஆசிட் ஊற்றிக் கழுவினால் செத்தே போகும். தண்ணீர் பாட்டில், துணி, பான் பாக்கெட் விழுந்தாலோ தொட்டி அடைத்துக்கொள்ளும். அப்போது யாரோ ஒரு தொழிலாளிதான் பெட்டிக்கு அடியில் போய் அதை எடுக்கவேண்டும்.