விழுகிறதா? மூக்கை இறக்கு

"விமானம் விழத் தொடங்கினால் விமானி மூக்கை மேலே தூக்க வேண்டியதுதானே?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். ஸ்டால் ஆன விமானம் விழுவதே மூக்கைத் தூக்கியதால்தான்.

எதிர்க்காற்றை இறக்கை சந்திக்கும் கோணம்தான் விஷயம். சிறிய பயிற்சி விமானங்களில் அது ஏறத்தாழ 15 டிகிரியைத் தாண்டினால், இறக்கையின் மேற்புறத்தை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொள்ளும்; இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாது. இதுதான் ஸ்டால். அம்மாவின் முந்தானையைப் பிடித்து நடக்கும் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா மெல்லத் திரும்பினால் குழந்தையும் கூடவே வரும். வெடுக்கென்று திரும்பினால் பிடி நழுவி, நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி அழும். அந்தச் சுழல்தான் விமானிக்கு அதிர்வாகத் தெரிகிறது. அம்மா மேலும் விறைப்பாக நடந்து பயனில்லை; ஓர் அடி பின்னால் வந்தால் குழந்தை தானே பற்றிக்கொள்ளும். ஆகவே கட்டுப்பாட்டுத் தண்டை முன்னே தள்ளி மூக்கை இறக்க வேண்டும். எஞ்சினை முடுக்குவதெல்லாம் அதன் பிறகு. உயரம் குறையும், குறையட்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது செஸ்னா 172 விமானத்தின் எச்சரிக்கை ஊதல். மின்சாரமே கிடையாது. இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு துளை. அதிலிருந்து ரீடு பொருத்திய ஊதலுக்கு ஒரு குழாய். அவ்வளவுதான். சாதாரணமாகப் பறக்கையில் காற்று துளையை அழுத்திக்கொண்டிருக்கும். கோணம் கூடக்கூட, காற்று மோதிப் பிரியும் இடம் இறக்கையின் அடிப்பக்கம் நகர்ந்துவிடும். துளையருகே அழுத்தம் குறைந்து, குழாயிலுள்ள காற்று வெளியே உறிஞ்சப்பட, ஊதல் அலறும். வேகம் ஸ்டால் வேகத்தைவிட 5 முதல் 10 நாட் (knot) கூடுதலாக இருக்கும்போதே! கிளம்பும் முன் இதைச் சோதிக்க, துளைமேல் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிப் பார்ப்பார்கள்.

வரலாறு கேட்பவர்களுக்கு: கிளைடர் முன்னோடி ஓட்டோ லிலியந்தால் 1896இல் ஜெர்மனியில் ஸ்டால் ஆகித்தான் விழுந்து மறுநாள் இறந்தார். இது போதும்.

'கணினி இருக்கும்போது ஸ்டாலாவது ஒன்றாவது' என்று பெருமை பேசுவோர் 2009 ஜூன் 1 அன்று விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் விசாரணை அறிக்கையைப் படிக்கலாம். வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனிப்படிகம் அடைத்ததும் தானியங்கி விலகியது; கோணத்தை மீறவிடாத கணினிப் பாதுகாப்பும் போனது. துணை விமானி தண்டைப் பின்னுக்கு இழுத்தார். இதில் ஒரு கொடுமை உண்டு. பதிவான வேகம் 60 நாட்டுக்குக் கீழே போனபோதெல்லாம், கோண அளவை நம்பாமல் கணினி ஸ்டால் எச்சரிக்கையை நிறுத்தியது. மூக்கு இறங்கி வேகம் கூடினால் மறுபடி அலறியது. சரியானதைச் செய்தால் கூச்சல், தவறைச் செய்தால் அமைதி! 228 பேர் இறந்தார்கள்.

அன்றைய பயிற்சியும் இதற்கு உதவவில்லை. ஸ்டால் நெருங்கும்போதே எஞ்சினை முடுக்கி, உயரம் குறையாமல் மீள்வதே திறமை என்று கருதப்பட்டது. அமெரிக்க விமான நிறுவனங்களின் விமானிகளுக்கு 2019 முதல் முழு ஸ்டால் பயிற்சி கட்டாயம், சிமுலேட்டரில்தான். அதற்காகப் பல சிமுலேட்டர்களையே முதலில் திருத்த வேண்டியிருந்தது. ஸ்டாலுக்கு அப்பால் விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்பது அவற்றுக்கும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.