இருட்டறைக் கணக்கு: மூன்று மில்லி போதுமா?

போன வாரம் பிலிம் கழுவும் டி-76 டெவலப்பர் பொடியைக் கரைத்து ஸ்டாக் என்னும் மூலக் கரைசல் செய்ததோடு நின்றோம். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. இந்த வாரம் வெப்பநிலை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கு முன்பு தீர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 1+50, அதாவது ஒரு பங்கு மருந்துக்கு 50 பங்கு தண்ணீர் என்பது, கரைசல் எவ்வளவு நீர்த்தது என்று சொல்லும். ஒரு ரோலுக்கு எவ்வளவு மருந்து போய்ச் சேர்கிறது என்று சொல்லாது. நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலத்தின் மல்லிகைத் தோட்டங்களில் இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. கைத்தெளிப்பானை விட்டு விசைத் தெளிப்பானுக்கு மாறினால் ஏக்கருக்குச் செலவாகும் தண்ணீர் குறையும், மருந்து குறையாது; அதனால் லிட்டருக்கு இத்தனை மில்லி என்ற கணக்கைக் கூட்டிக்கொள்வார்கள். செடி பார்ப்பது விகிதத்தை மட்டுமல்ல. பிலிமும் அப்படித்தான்.

1891இல் வந்த ரோடினால் டெவலப்பரை எடுத்துக்கொள்வோம். 300 மில்லி பிடிக்கும் சிறிய டேங்கில் 1+50 கலந்தால் 51இல் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 6 மில்லி மருந்து. 1+100 என்றால் 3 மில்லிதான். அதே 1+100ஐ 600 மில்லி டேங்கில் கலந்து ஒரே ரோலைப் போட்டால் மறுபடியும் 6 மில்லி. கோடாக்கின் குறிப்பு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது: பாதிக்குப் பாதி நீர்த்த டி-76இல் 36 படச் சுருள் ஒன்றை 473 மில்லியில் கழுவ வேண்டும், 237 மில்லியில் கழுவினால் நேரத்தை 10 சதவீதம் கூட்ட வேண்டும். விகிதம் ஒன்றே, நேரம் வேறு. ஒளி பட்ட வெள்ளி உப்பை உலோக வெள்ளியாக்கும்போது மருந்து செலவாகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மூன்று மில்லியிலும் படம் வருகிறதே என்பார்கள். வரும். தென்னந்தோப்பின் நிழலை எடுத்த ரோலில் ஒளி பட்ட இடம் கொஞ்சம், மருந்துச் செலவும் கொஞ்சம். பூச்சந்தையில் குவித்த மல்லிகையை 36 படமும் எடுத்த ரோலுக்கு அது போதாது; வெண்மை தேங்கி நிற்கும். அப்படியானால் ஏன் நீர்க்க வேண்டும், ஸ்டாக்கையே ஊற்றலாமே என்று கேட்டால், அதற்கும் காரணம் உண்டு. டி-76 ஸ்டாக்கில் லிட்டருக்கு 100 கிராம் சோடியம் சல்பைட் இருக்கிறது. அது வெள்ளி உப்பை லேசாகக் கரைத்து, படத்தில் தெரியும் வெள்ளி மணிகளின் விளிம்பை மழுக்கும். சம அளவு நீர் சேர்த்தால் லிட்டருக்கு 50 கிராம். மணி சற்றுத் தெரியும், கூர்மை கூடும். நீர்ப்பதால் கிடைப்பது இந்தக் குணம். மருந்தை மிச்சம் பிடிப்பது வேறு விஷயம். இரண்டையும் குழப்பக் கூடாது. 1:50 என்பதும் 1+50 என்பதும் ஒன்றா என்ற சண்டையும் இரண்டு சதவீத வித்தியாசம்தான். ஆனால் 1:4 என்பதை நாலில் ஒரு பங்கு என்று படித்தால் 25 சதவீதம், 1+4 என்றால் 20. கூட்டல் குறி போடும் பழக்கமே நல்லது.

இந்த எண்களெல்லாம் எதற்கு வந்தன என்று தேடப் போனால் புதுக்கோட்டையே எதிரே வருகிறது. மதராஸ் அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப் 1858இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைப் படமெடுத்தபோது பயன்படுத்தியது மெழுகிட்ட காகித நெகட்டிவ். அந்த முறையில் டெவலப்பர் காலிக் அமிலம். நம் கடுக்காயின் துவர்ப்பிலும் இருக்கும் அதே அமிலம். சிறிது வெள்ளி நைட்ரேட் சேர்த்த அந்தக் கரைசலில் காகிதம் மணிக்கணக்கில் கிடக்கும். உருவம் எழுந்து வருவதைப் பார்த்துக்கொண்டே நிறுத்துவார்கள். மருந்து தளர்ந்தாலும் காத்திருக்கலாம், கண் அளவுகோலாக இருந்தது. மூடிய டேங்க் வந்ததும் கண் வெளியே நின்றுவிட்டது. அந்த இடத்தில்தான் நேரமும் விகிதமும் மில்லியும் வந்து உட்கார்ந்தன. ஆகவே ரோல் எத்தனை என்று முதலில் எண்ணி, ஒவ்வொன்றுக்கும் 5 மில்லி ரோடினாலாவது வைத்து, பிறகு தண்ணீரைச் சேருங்கள். டேங்க் கொள்ளவில்லை என்றால் பெரிய டேங்கை எடுங்கள். 20 டிகிரிக்கு எழுதிய நேரங்கள் சித்திரை மாதத்துக் குழாய்த் தண்ணீரில் என்ன ஆகும் என்பது அடுத்த வாரம்.