பிரெஞ்சு பேசும்போது இடைவெளி எங்கே போகிறது?

மூன்றாம் மொழியாகப் பிரெஞ்சு படிக்கும் மாணவர்கள் பலரிடம் ஒரே குறையைத்தான் கேட்கிறேன். வாசித்தல் கருத்தறிதலில் மதிப்பெண் நன்றாக வருகிறது. கேட்டல் கருத்தறிதலில் ஒலிப்பதிவு தொடங்கியதும் தெரிந்த சொற்கள்கூடப் பிடிபடாமல் ஓடிவிடுகின்றன. ‘எனக்குக் காது சரியில்லை’ என்று முடிவுகட்டி மொழியையே விட்டுவிடுவோரும் உண்டு. ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிக்கட்டவும் முடியாது. டெல்ஃப் தேர்வில் ஒவ்வொரு திறனுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 100க்கு 50 எடுத்தாலும், ஏதாவது ஒரு திறனில் 5க்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை.

உண்மையில் காதில் குறை இல்லை. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கைப்பேசியில் ‘நான் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்தேன்’ என்று இயல்பான வேகத்தில் பதிவுசெய்து, அதன் ஒலியலையைக் கணினியில் திறந்து பாருங்கள். ‘நான்’ என்பதற்கும் ‘பள்ளிக்கூடம்’ என்பதற்கும் நடுவே இடைவெளி அநேகமாக இருக்காது. மாறாக, ‘பள்ளிக்’ என்பதற்கும் ‘கூடம்’ என்பதற்கும் நடுவே, ஒரே சொல்லுக்குள், அலை தட்டையாகிவிடும். ‘க்க’ ஒலிக்க வாய்க்குள் காற்று ஒரு கணம் அடைபடுவதே காரணம். சொற்களுக்கு இடையிலான வெற்றிடம் தாளில் மட்டும்தான் உண்டு. காதில் அதை உண்டாக்குவது மூளை.

மூளை இதை எப்படிக் கற்கிறது? 1996இல் ஜெனி சாஃப்ரன் குழுவினர் எட்டு மாதக் குழந்தைகளுக்குப் பொருளற்ற அசைகளைத் தொடர்ச்சியாக இரண்டு நிமிடம் கேட்க வைத்தார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறது என்பதை வைத்தே குழந்தைகள் ‘சொற்களை’ப் பிரித்தறிந்தன. அதாவது, திரும்பத் திரும்பக் கேட்டால் எல்லை புலப்படும்.

பிரெஞ்சில் இந்த எல்லை கூடுதலாக மறையும். ‘லே’ என்பது பன்மைச் சுட்டு, ‘அமி’ என்பது நண்பர். சேர்த்துச் சொன்னால் ‘லேஸமி’. எழுத்தில் இருந்தும் ஊமையாக இருந்த மெய், அடுத்து உயிர் வந்ததும் விழித்துக்கொள்கிறது. தமிழ் வகுப்பில் நீங்கள் படித்த புணர்ச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். மா + இலை ‘மாவிலை’ ஆவதும், கடல் + அலை ‘கடலலை’ ஆவதும் போலத்தான். (தமிழில் வகரம் புதிதாகத் தோன்றுகிறது, பிரெஞ்சில் ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது. அந்த வேறுபாட்டை மறக்க வேண்டாம்.)

இதில் நமக்கென்று ஒரு பள்ளமும் இருக்கிறது. ‘இல் ஸோன்’ என்று தமிழில் எழுதினால் இரண்டு பிரெஞ்சு வாக்கியங்கள் ஒன்றாகிவிடும். ஒன்றின் பொருள் ‘அவர்களிடம் இருக்கிறது’, மற்றொன்றின் பொருள் ‘அவர்கள் இருக்கிறார்கள்’. முதலாவதில் தேனீ ரீங்காரம் போன்ற ஒலி, இரண்டாவதில் பாம்பின் சீறல் ஒலி. தொண்டையில் விரலை வைத்து இரண்டையும் சொல்லிப் பாருங்கள். தேனீக்கு அதிரும், பாம்புக்கு அதிராது. நம் எழுத்தில் இந்த வேறுபாடு இல்லாததால், பிரெஞ்சு உச்சரிப்பைத் தமிழில் குறித்துவைக்கும் பழக்கம் இந்த இடத்தில் காலைவாரும்.

அடுத்த சிக்கல் நினைவாற்றல் சார்ந்தது. கேட்ட ஒலியை மனத்துக்குள் சுழலவிடும் தற்காலிக நினைவில் ஏறக்குறைய 2 விநாடிப் பேச்சுதான் தங்கும். ஒவ்வொரு சொல்லையும் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தால் அந்த 2 விநாடி கடந்துவிடும். எனவே ஒலிப்பதிவுக்கு முன் கிடைக்கும் நேரத்தில் கேள்விகளைப் படித்து, தேவைப்படுவது இடமா, நேரமா, விலையா, காரணமா என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை கேட்கும்போது யார், எங்கே, எதைப் பற்றி என்பது போதும். நுணுக்கங்களை இரண்டாம் தடவைக்கு விடுங்கள்.

எண்களில் கவனம் வேண்டும். பிரெஞ்சில் 97 என்பது நான்கு இருபது, பத்து, ஏழு. ‘கத்ர வேன்’ என்று கேட்டதும் 80 என எழுதிவிட்டால், பின்னால் ‘தீஸெத்’ வந்து நிற்கும். எண் முழுதாக முடியும்வரை பேனாவைத் தூக்கியே வைத்திருங்கள். ‘மே’ (ஆனால்), ‘ஃபினால்மான்’ (கடைசியில்), ‘ஸோஃப்’ (தவிர) ஆகிய சொற்களுக்கும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். முதலில் சனிக்கிழமை என்று பேசியவர், ‘ஃபினால்மான்’ சொல்லி ஞாயிற்றுக்கு மாறிவிடுவார். விடைத்தெரிவுகளில் இரண்டு கிழமைகளும் காத்திருக்கும்.

வாசித்தலில் கதை தலைகீழ். ‘அவன் பேசுகிறான்’, ‘அவர்கள் பேசுகிறார்கள்’ இரண்டிலும் வினை காதுக்கு ‘பார்ல்’தான். தாளில் மட்டும் விகுதி வேறுபடும். காது தராத அந்தத் தகவலைக் கண் இலவசமாகத் தருகிறது. யார் செய்தது என்ற கேள்விக்கு விகுதியைப் பாருங்கள். ஆங்கிலம் போலத் தோன்றும் சொற்களையும் நம்பிவிடாதீர்கள். ‘லிப்ரேரி’ நூலகம் அல்ல, புத்தகக் கடை. ‘அக்துவெல்மான்’ என்றால் ‘தற்போது’. பனுவலில் உள்ள அதே சொல்லை அப்படியே தூக்கிவைத்திருக்கும் விடையைச் சற்றுச் சந்தேகியுங்கள். சரியான விடை பெரும்பாலும் வேறு சொற்களில் இருக்கும்.

பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பது பழைய முறையான சொல்வதெழுதல். டிவி5 மோந்த் தளத்தில் நிலைவாரியாகப் பயிற்சிகள் உள்ளன. ஆர்எஃப்ஐ வானொலி எளிய பிரெஞ்சுச் செய்திகளை எழுத்துவடிவத்துடன் தருகிறது. முப்பது விநாடிப் பகுதியை எடுங்கள். எழுத்துவடிவத்தைப் பார்க்காமல் கேட்டு எழுதுங்கள். பிறகு ஒப்பிட்டு, ஒவ்வொரு பிழைக்கும் காரணம் குறியுங்கள்: சொல்லே தெரியாதா, அல்லது தெரிந்த சொல் ஒட்டிக்கொண்டதால் அடையாளம் தெரியவில்லையா? முதல் வகைக்குச் சொற்பட்டியல் மருந்து. இரண்டாம் வகைக்கு அதே துண்டை எழுத்தைப் பார்த்தபடி கேட்டு, வாய்விட்டுச் சொல்லி, மறுநாள் பார்க்காமல் கேட்க வேண்டும். தொடக்கத்தில் அந்த முப்பது விநாடிக்கு அரை மணி நேரம்கூடப் பிடிக்கும். வாரத்துக்கு மூன்று துண்டுகள் போதும்.