எல்லையோர வகுப்பறையும் கலவர நினைவுகளும்

நதிநீர்ப் பங்கீடு என்று பேசத் தொடங்கினாலே, ஓசூர் வட்டாரத்தில் பாடம் புத்தகத்தை விட்டு வீட்டுக்குப் போய்விடும். "எங்க தாத்தா பெங்களூர்ல இருந்து நடந்தே வந்தாராம்" என்பான் ஒரு மாணவன். எந்த ஆண்டு என்றால் தெரியாது. ஏன் என்றால், "அவங்க அடிச்சாங்க" என்பான். வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளைகளும் அதே வகுப்பில்தான் இருக்கிறார்கள். அவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். இங்கே சமூக அறிவியல் கற்பிக்கும் எனக்கு, அந்த "அவங்க" என்ற சொல்தான் பாடத்தின் தொடக்கம். யார் அவர்கள்? எப்போது? என்ன நடந்தது?

1990 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. 1991 ஜூன் 25 அன்று, தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீர் கிடைக்குமாறு அது இடைக்கால ஆணை பிறப்பித்தது. அந்த ஆணை டிசம்பரில் மத்திய அரசிதழில் வெளியானதும், 12, 13 தேதிகளில் பெங்களூரு, மைசூரு பகுதிகளில் தமிழர்கள் மீது வன்முறை மூண்டது. அரசுக் கணக்கின்படியே பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பல்லாயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்தனர். அவர்களில் பலருக்கு முதல் தமிழ்நாட்டு ஊர் ஓசூர்தான்.

2016 செப்டம்பர் 12 அன்று மீண்டும் அதே வழி. உச்சநீதிமன்றம் நொடிக்கு 12,000 கன அடி நீர் திறக்க உத்தரவிட்ட நாள் அது. பெங்களூருவில் ஒரே பணிமனையில் முப்பதுக்கும் மேற்பட்ட பேருந்துகள் எரிந்தன, இருவர் உயிரிழந்தனர். சென்னையில் ஓர் உணவகமும், ராமேசுவரத்தில் கர்நாடகப் பதிவெண் வண்டிகளும் தாக்கப்பட்டன. பேருந்துகள் நின்றுபோனதால், அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடி வரை மூட்டை முடிச்சுகளோடு மக்கள் நடந்து எல்லையைக் கடந்தனர்.

அடிபட்டவர்கள் யார் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் கட்டடத் தொழிலாளர்கள், சிறு கடைக்காரர்கள், ஓட்டுநர்கள். டெல்டாவில் ஒரு குழி நிலம்கூட அவர்களில் பலருக்கு இல்லை. அதேபோல் ராமேசுவரத்துக்குச் சாமி கும்பிட வந்த கர்நாடகக் குடும்பத்துக்கும் அணையின் மதகுக்கும் தொடர்பில்லை. வழக்கு அரசுகளுக்கு இடையே நடந்தது. இழப்பு மொழி அடையாளம் பார்த்து ஆட்களுக்கு வந்தது.

இப்படிப்பட்ட நினைவு எத்தனை காலம் நிற்கும் என்பதற்கு வட அயர்லாந்து ஒரு பாடம். அங்கே பிரச்சினை ஆற்று நீர் அல்ல. பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு இணைவதா என்ற கேள்வி, புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கர் என்ற பிரிவோடு பின்னிக் கிடந்தது. முப்பது ஆண்டுகளில் சுமார் 3,500 பேர் இறந்தனர். இங்கு நடந்ததன் அளவு அதற்குப் பக்கத்தில் வராது. ஆனால் 1998 ஏப்ரலில் உடன்பாடு கையெழுத்தான பிறகும், பெல்பாஸ்ட் நகரில் இரு தரப்புக் குடியிருப்புகளைப் பிரிக்கும் சுவர்கள் பல இன்னும் நிற்கின்றன. பெரும்பாலான பிள்ளைகள் இன்றும் தனித்தனிப் பள்ளிகளுக்கே செல்கிறார்கள். 1981இல் பெற்றோர் சிலர் முயன்று, இரு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க லேகன் கல்லூரி என்ற பள்ளியை 28 மாணவர்களோடு தொடங்கினார்கள். சண்டை நடந்துகொண்டிருந்தபோதே தொடங்கினார்கள் என்பதுதான் முக்கியம்.

அவர்கள் தேடி உருவாக்கிய வகுப்பறை நமக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது. ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பகுதிகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். சிப்காட் தொழிற்சாலைகளில் அவர்களின் பெற்றோர் ஒரே ஷிப்டில் வேலை பார்க்கிறார்கள்.

நான் பின்பற்றும் முறை எளியது. ஒரு தாளில் மூன்று பத்திகள்: கேள்விப்பட்டது, நேரில் பார்த்தவர் சொன்னது, ஆவணத்தில் உள்ளது. மாணவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் நான்கு கேள்விகள் கேட்டு வருவார்கள்: எந்த ஆண்டு? எங்கே இருந்தீர்கள்? எதை இழந்தீர்கள்? யார் உதவினார்கள்? நான்காவது கேள்வியை விட்டுவிடக் கூடாது. கதவைப் பூட்டி உள்ளே வைத்துக் காத்த கன்னட வீட்டுக்காரரும், வாடகை கேட்காமல் வண்டியில் ஏற்றிவந்த ஓட்டுநரும் அந்தக் கேள்விக்குத்தான் வெளியே வருகிறார்கள். அப்போது "அவங்க" என்ற ஒற்றைச் சொல் பல மனிதர்களாகப் பிரிகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். சொல்ல விரும்பாத குடும்பத்தை வற்புறுத்தக் கூடாது. கன்னடம் பேசும் மாணவரை எழுப்பி, "உங்க பக்கம் என்ன சொல்றாங்க?" என்று கேட்கவே கூடாது. அந்தப் பிள்ளை எந்த அரசின் வழக்கறிஞரும் அல்ல.

பாடத்தின் முடிவில் இரண்டு சிலைகளைப் பற்றிச் சொல்வேன். பெங்களூரு அல்சூர் ஏரி அருகே வைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. ஏழே ஆண்டுகளில் 2016 வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இந்தப் பாடத்தை எப்போது நடத்துவது? 1991இல் மூண்ட பகை 2002, 2012, 2016, 2023 என மழை பொய்த்த ஆண்டுகளில்தான் மறுபடியும் தலைதூக்கியது. தொலைக்காட்சியில் பேருந்து எரியும்போது வகுப்பில் யாரும் எதையும் கேட்கும் நிலையில் இருக்க மாட்டார்கள். ஆகவே மேட்டூர் நிரம்பி வழியும் ஆண்டில் நடத்துங்கள்.