நிரல் மாறவில்லை, சோதனை தோற்றது

பட்டாசின் சத்தத்துக்கு 1999-இல் மத்திய அரசு ஒரு வரம்பு வைத்தது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. சிவகாசியில் பலருக்கும் இந்த எண் தெரியும். எனக்குச் சுவாரசியமாகப் படுவது அந்த விதியின் மீதிப் பகுதி. குறைந்தது 5 மீட்டர் விட்டமுள்ள கெட்டியான கான்கிரீட் தளத்தில் வைத்துத்தான் வெடிக்க வேண்டும். சுற்றிலும் 15 மீட்டருக்குள் சத்தத்தைத் திருப்பியடிக்கும் சுவர் எதுவும் இருக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு சுவர் எழும்பினால் அதே வெடி வேறு எண்ணைக் காட்டும். அதனால்தான் வெடியோடு சேர்த்து இடத்துக்கும் விதி.

சூழல் மாறினால் முடிவும் மாறிவிடுமே என்ற இந்தக் கவலை கணினித் துறையில் இன்னும் பெரியது. ஒரு வங்கிக்கு நூற்றுக்கணக்கில் சர்வர்கள் வேண்டியிருந்தால், யாரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அமைப்பதில்லை. ‘இந்த மென்பொருள் இருக்கட்டும், இந்த வழி மூடியிருக்கட்டும்’ என்று நிரலாக எழுதிக் கொடுத்தால் பப்பெட், ஆன்சிபிள் போன்ற கருவிகள் செய்து முடித்துவிடும். அந்த நிரல் சரிதானா என்று பார்க்கும் விதம் அழகானது. வெறும் கணினி ஒன்றை கிளவுடில் உருவாக்கி, அதில் நிரலை ஓட்டுகிறார்கள். உடனே இன்னொரு முறை ஓட்டுகிறார்கள். எல்லாம் ஏற்கெனவே சரியாக இருப்பதால் இரண்டாம் முறை எதுவும் மாறக் கூடாது. மாறினால் நிரலில் கோளாறு. கேட்டதெல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்ததும் அந்தக் கணினியையே அழித்துவிடுகிறார்கள். நிரலில் ஒரு வரி திருத்தினாலும் இத்தனையும் தானாக நடக்கும். இதற்குப் பெயர் பைப்லைன்.

சிக்கல் என்னவென்றால், யாரும் ஒரு வரிகூடத் திருத்தாதபோதும் இது தோற்கும். சென்ட்ஓஎஸ் 7 இயங்குதளத்துக்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது. மென்பொருள்கள் எங்கே கிடைக்கும் என்று சொல்லிவந்த இணைய முகவரியும் நின்றுபோனது. அதை நம்பியிருந்த சோதனைகள் வரிசையாக விழுந்தன. சிவகாசிக்காரர்களுக்கு இது புதிதல்ல. 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. முந்தைய நாள்வரை செல்லுபடியான மருந்துக் கலவை, ஒரு கிராம்கூட மாறாமலே தவறாகிப்போனது.

இதைவிட மோசமானது காரணமில்லாமல் தோற்கும் சோதனை. இணையம் ஒரு நொடி தடுமாறினால் சிவப்பு, அதாவது தோல்வி. மறுபடி ஓட்டினால் பச்சை, அதாவது வெற்றி. தங்கள் சோதனை ஓட்டங்களில் சுமார் 1.5 சதவீதம் இப்படிப்பட்டவை என்று கூகுள் 2016-இல் எழுதியது. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியவற்றில் 84 சதவீதத்தில் இந்தத் தடுமாறும் சோதனைகளின் கை இருந்ததாம். பிறகு யார் சிவப்பை நம்புவார்கள்? பொத்தானை மறுபடி அழுத்துவதே பழக்கமாகிவிடும். நிஜமான பிழையும் அந்தக் கூட்டத்தில் நழுவிவிடும்.

வெளி மாற்றங்கள் தாக்காதபடி எல்லா மென்பொருளின் பதிப்பு எண்ணையும் கட்டிப்போட்டுவிட்டால் சோதனை நிலையாக நிற்கும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் உள்ளே வராது. வெளியுலகம் நகர்ந்த பிறகும் நாம் பழைய உலகத்தையே சோதித்துக்கொண்டிருப்போம். கட்டாமல் விட்டால் தினமும் ஒரு தலைவலி. விவரமறிந்த குழுக்கள் இரண்டையும் ஓட்டுகின்றன: திருத்தம் வரும்போதெல்லாம் கட்டிய பதிப்புகளோடு ஒன்று, யாரும் எதையும் தொடாவிட்டாலும் இரவுதோறும் புதிய பதிப்புகளோடு ஒன்று. முதலாவது விழுந்தால் முதலில் தங்கள் நிரலைத் தேடுகிறார்கள். இரண்டாவது மட்டும் விழுந்தால், வெளியே எது மாறியது என்று தேடத் தொடங்குகிறார்கள்.